இடுப்பில் ஓர் உளுத்தம்மாப் பாத்தி

மஹய்யாவ, கண்டி.
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

என் அன்புள்ள பெர்னடெற் அக்காவுக்கு,

உங்கள் தங்கை ஐரின் கட்டிலில் குப்புறப் படுத்தபடி எழுதிக்கொள்வது. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். நீர்கொழும்பில் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்கத் தேவதாயை வேண்டுகிறேன். இங்கும் யாவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. எழுதக் கை வரவில்லை. பொய் எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க எப்படிப் போவது? போனில் சொல்லலாம் என்றால், ஓய்வுபெறும்வரை ஒரு வார்டையே ஆட்டிப்படைத்த தாதி நீங்கள். நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் என்னைச் சத்திரசிகிச்சைக்கு ஏற்றிவிடுவீர்கள்.

சனிக்கிழமை வாடகை வான் பிடித்துக்கொண்டு வந்து என்னைக் கொழும்புக்கு, உங்களுக்குத் தெரிந்த சர்ஜனிடம் கூட்டிப்போகப் போவதாக நீங்கள் என் மனுசன் வின்சன்டிடம் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம் அக்கா. கடுகண்ணாவ இறக்கத்தை என் இடுப்பு தாங்காது. கீழ் டிஸ்க் ஒன்று விலகி நரம்பை நெரிக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டொக்டர் சொன்னதை உங்களுக்குச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து இடது காலில் மின்சாரம் ஓடுகிறது. வகுப்பில் நின்றபடியே படிப்பிக்கிறேன். சோக்குத் துண்டு கீழே விழுந்தால் அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் பெருமை பிடித்தவளைப் போல நிமிர்ந்து நிற்கிறேன். பின் வரிசையில் இருப்பவர்கள் ஆண்டவரை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

ஆயுர்வேதம் என்றாலே உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். இருந்தும் வின்சன்ட் என்னை ஹேவாஹெட்ட வீதியில் இருக்கும் ஒரு சிங்கள வைத்தியரிடம் கூட்டிப்போனார். ஊரார் அவரை வெத மாத்தயா என்கிறார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஏதோ தன் வளவில் விழுந்த மரத்தைப் பார்ப்பதுபோலக் கவலையோடு பார்த்தார். தக்காளி, கத்தரிக்காய், அன்னாசி, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உளுத்தம்மாவைப் பிசைந்து இடுப்பில் வட்டமாகப் பாத்தி கட்டி, அதற்குள் இளஞ்சூடான மருந்தெண்ணெயை ஊற்றி, ஆற ஆற எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்ற வேண்டும். அதற்குக் கடி வஸ்தி என்று பெயர். அங்கே படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீதியின் வளைவுகளை உங்களுக்குத் தெரியாதா? அவர் எடுத்த வலியை பஸ்காரன் டவுன் வருவதற்குள் திருப்பித் தந்துவிட்டான். ஆகவே வைத்தியரே வின்சன்டுக்குச் செய்முறையைச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் வைத்துச் செய்யச் சொல்லிவிட்டார்.

இவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும். பல்லேகலயில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் மனிதர், எதையும் வீசமாட்டார். முதல் நாள் பாத்தி கசிந்து எண்ணெய் மெத்தை வரை போனது. இரண்டாம் நாள் சுவருக்குப் பூசுவதுபோலப் பூசிவிட்டார். மூன்றாம் நாள், பாவித்த மாவை வீச மனமில்லாமல் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தார். அந்த வாரம், கோயில்காரர்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணியாவது கொடுக்க வேண்டுமே என்று பக்கத்து வீட்டு சீதாவைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை. பிரிட்ஜைத் திறந்தவள் உளுத்தம்மாவைக் கண்டதும், பாவம் அக்கா இந்த வலியோடு வடைக்கு அரைத்து வைத்திருக்கிறாரே என்று உருகிப்போய், வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுச் சுட்டுவிட்டாள். அறைக்குள் குப்புறக் கிடந்த எனக்கு முதலில் என் முதுகின் வாசம் வந்தது. அதன்பிறகுதான் கூட்டத்துக்கு வந்திருந்த ரொனி அண்ணனின் குரல் கேட்டது.

"சீதா தங்கச்சி, இது என்னா வடை? நல்ல மூலிகை மணமா இருக்கே!"

"மாவு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சுண்ணே, தண்ணி ஊத்தி இளக்கினேன். இன்னொன்னு வைக்கவா?"

"ரெண்டா வையிங்க."

எழுந்து ஓடித் தடுக்க இடுப்பு விடவில்லை, கத்திச் சொல்ல வெட்கம் விடவில்லை. எல்லோரும் தின்றார்கள். தின்றுவிட்டு என் முதுகுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். அடுத்த ஞாயிறு ரொனி அண்ணன் கோயிலில் எழுந்து, "ஐரின் தங்கச்சியோட இடுப்புக்காக ஜெபிச்சோம், ஆண்டவர் என்னோட முழங்காலத் தொட்டாரு" என்று சாட்சி சொன்னார். எனக்காகக் கேட்ட சுகம்கூட விலாசம் தவறிப் போகிறது அக்கா. என் ராசி அப்படி.

இதையெல்லாம் சிரிக்கத்தான் எழுதுகிறேன், சிரிப்பு வரவில்லை. பிறையன் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு இந்த வீடு எப்படி இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. பிள்ளை இருந்தவரை அவனைப் பற்றிப் பேசினோம். அவன் போனதும் பேச ஒன்றுமில்லை. "கதவப் பூட்டிட்டியா", "தண்ணி கொதிச்சிருச்சா", இவ்வளவுதான் வின்சன்ட். சண்டை ஒன்றுமில்லை. சண்டை என்றால் நாலு வார்த்தையாவது வந்திருக்கும். நானும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பாத்தி கட்டத் தொடங்கி ஒரு வாரம் போயிருக்கும். எண்ணெயை ஊற்றியபடி, "இந்த எண்ணெய்க்குப் பிள்ளையோட சின்ன வயசு இருமல் மருந்து வாசம், இல்ல?" என்றார். யாரிடம் பேசுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அன்றிலிருந்து தினம் பேசுகிறார். ஸ்டோரில் கூட இருந்த கூட்டாளி விலகிப்போனதில் இருந்து தனியாகச் சாப்பிடுவதை, மழைச் சத்தத்தில் தூக்கம் கலைந்துவிடுவதை, எல்லாவற்றையும் சொல்கிறார். நேற்று, "ஒப்பரேசனுக்கு உள்ள போனா நீ திரும்பி வருவியான்னு பயமா இருக்கு, அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். ஒருமுறை பதில் சொல்ல முகத்தைத் திருப்பினேன். எண்ணெய் வழிந்தது, பேச்சும் நின்றுவிட்டது. இப்போது தலையணைக்குள்ளேயே "ம்" சொல்லிக்கொள்கிறேன். கல்யாணமான காலத்தில் இருந்து என் முகத்திடம் சொல்லாததை என் முதுகிடம் சொல்லும் மனிதரை வைத்துக்கொண்டு, அக்கா, நான் எப்படி உங்கள் வானில் ஏறுவது?

ஆகவே வலி கடுமை, பயணம் முடியாது என்று சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். அத்தானுக்கு என் அன்பு. மடு மாதாவின் கை உங்கள் இரண்டு பேரின் தலைமேலும் இருக்கட்டும். எனக்குச் சுகம் கேட்டு ஜெபிக்க வேண்டாம், அது ரொனி அண்ணனுக்குப் போய்விடும்.

உங்கள் தங்கை,
ஐரின்

பி.கு: மேலே எழுதிய வலி உண்மைதான், ஆனால் பழையது. அது போய் மூன்று கிழமையாகிறது. போன வெள்ளிக்கிழமை சமையல் கேஸ் முடிந்தது. வின்சன்ட் வேலைக்குப் போயிருந்தார். புது சிலிண்டரை வாசல் கேட்டிலிருந்து குசினிக்கு நானே தூக்கிவந்து மாட்டினேன். மதிலுக்கு மேலால் சீதா, "ஐயோ அக்கா, இடுப்பு!" என்று அலறியபிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொள் என்று அவளிடம் கெஞ்சினேன். அன்று மாலை வின்சன்ட் எண்ணெய் சூடாக்கக் குசினிக்குப் போனார். சிலிண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்ச நாளைக்கு விடாமச் செய்யணும்னு வெத மாத்தயா சொன்னாரு" என்று சொல்லிவிட்டு மாவைப் பிசையத் தொடங்கினார். வெத மாத்தயா அப்படிச் சொல்லவே இல்லை அக்கா. போன தடவை, போதும், நிறுத்தலாம் என்றுதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

இங்கும் யாவரும் நலம்.