மாமியார் ஏறினால் விமானம் ஏறாது

மாமியாரை விமானத்தில் ஏற விடக் கூடாது. பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தைச் சத்தமாகச் செய்ய முடியவில்லை.

விஷயம் இதுதான். என் மச்சினன் சின்ன விமானம் ஓட்டுகிறவன். புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறான். "அக்கா, ஞாயித்துக்கிழமை நானே வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போறேன்" என்று போன் செய்துவிட்டான். நாலு சீட்டு விமானம். அவன், என் மனைவி, நான், எங்களோடு இருக்கும் மாமியார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாமியாருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும். காரிலேயே முன்னால்தான்.

அப்படியானால் விமானியின் பக்கத்து சீட்டு? அது போச்சு!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பல வருடமாக விமானம் ஓட்டுகிறவன் நான். துணி மடிக்கும் அறையின் மூலையில் கைப்பிடி, பெடல், திரை எல்லாம் வைத்திருக்கிறேன். புயலில் இறக்கியிருக்கிறேன். ஒற்றை இஞ்சினில் இறக்கியிருக்கிறேன். நிஜ விமானத்தின் முன் சீட்டில் மட்டும் உட்கார்ந்ததே இல்லை.

வெறுமனே சொன்னால் மனைவி விடமாட்டாள். நிரூபிக்க வேண்டும். நம் ஊரோர ஓடுபாதை குட்டையானது. முடிவில் வரிசையாக மரங்கள். பாரம் கூடினால் விமானம் எழும்பத் தாமதமாகும். போதாதா?

அன்று மதியமே பரிசோதனையில் இறங்கினேன். அதே விமானம், அதே பாதை, அதே காற்று. எடையை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். மச்சினனும் நானும் மட்டும்: பாதிப் பாதையிலேயே ஜம்மென்று கிளம்பியது. மனைவியைச் சேர்த்தேன். கொஞ்சம் இழுத்தது, கிளம்பியது. கொண்டுபோகும் நாலு பெட்டி, மாமியார். மரங்களைத் தாண்டிப் பறந்தது!

ச்சே!

மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் பறந்தது. மாமியார் எதற்கும் அசைகிற ஆளில்லை. ஆனால் நானும் விடுகிறவன் இல்லை. மாமியாரின் எடையை ஏற்றினேன். அறுபது. பறந்தது. எழுபது. இலை உரசியது. தொண்ணூறு. மடேர்! மனசு குளிர்ந்தது.

மனைவியைக் கூப்பிட வாயெடுத்தேன். அவளே வாசலில் நின்றாள்.

"என்னங்க இது, மரத்துல என்னவோ தொங்குது?"

"நம்ம விமானம். உங்கம்மாவும் ஏறினா இதான் கதி. நான் சொல்லலை, விஞ்ஞானம் சொல்லுது."

"விஞ்ஞானத்துக்கிட்ட அம்மா எடை எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"சும்மா ஒரு தோராயமா... தொண்ணூறு."

"உங்க எடை?"

"அறுபத்தஞ்சு."

 அலமாரிக்கு அடியிலிருந்து என் ஆபீஸ் தராசை இழுத்து நடுக்கூடத்தில் போட்டாள். இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரி நான்.

"அம்மா, இதுல ஏறி நில்லு."

மாமியார் ஏறினார். நாற்பத்தாறு.

"நீங்க ஏறுங்க."

"அது அரசாங்கத் தராசு. சொந்த உபயோகத்துக்கு..."

"ஏறுங்க."

தொண்ணூற்றொன்று.

"தராசுல ஏதோ கோளாறு" என்றேன்.

"முத்திரை யார் குத்தினது?"

"நான்தான்."

"கடைக்காரன் அம்பது கிராம் குறைச்சா அபராதம் போடறீங்க. வீட்டுக்குள்ளேயே இருபத்தாறு கிலோ பதுக்கல்! இதுல தலைக்கனம் சேரலை. அது தராசுல தெரியாது."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் என்று நினைக்க ஆசைப்பட்டேன்.

மனைவி என்னை மறுபடியும் திரை முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "இப்ப உண்மையான எடையைப் போட்டு ஓட்டுங்க."

ஓட்டினேன். மரக்கிளை முறிந்தது.

"அம்மாவை இறக்கிட்டு ஓட்டுங்க."

மரத்தைத் தாண்டியது. "பாத்தியா!" என்று துள்ளினேன்.

"அம்மாவை ஏத்திக்கிட்டு, உங்களை இறக்கிட்டு ஓட்டுங்க."

ஓட்டினேன். நான் இல்லாத விமானம் சந்தோஷமாகக் கிளம்பியது. மரம் எங்கோ கீழே கிடந்தது.

"எதுங்க பத்திரம்?"

"ரெண்டாவது..." உத்தியோக புத்தி, உண்மையைச் சொல்லித் தொலைத்தது. சட்டென்று சுதாரித்தேன். "பெட்டியை மட்டும் இறக்கிடலாமே! எல்லாரும் போகலாம்!"

"பெட்டியை யார் தூக்கிட்டு வர்றது?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

இறக்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவனையே இறக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. நாலு பெட்டிகளோடு பஸ்ஸின் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"நாங்க வந்து சேர்ந்துட்டோங்க. அம்மா முன்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துட்டே வந்தாங்க. பின்னாடி நாலு சீட்டுல நான் ஒருத்திதான். காலை நீட்டிப் படுத்துட்டேன்."

"நாலா? விமானத்துல மொத்தமே நாலு சீட்டுதானே?"

"அது பழசு. இது ஆறு சீட்டு, பெரிய இஞ்சின். பெரிசையே எடுத்துட்டு வர்றேன், பாரத்தைப் பத்திக் கவலைப்படாதேன்னு தம்பி அன்னிக்கே மறுபடியும் போன் பண்ணினான்."

"அடிப்பாவி! எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தாங்க அந்த ரூமுக்கு வந்தேன். நீங்க எங்கம்மாவை மரத்துல தொங்க விட்டிருந்தீங்க."