துணைக்கு ஒரு மச்சான்

"கூட யார் வந்திருக்காங்க?"

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டாள். பூட்டுக்காரர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம் தொட்டியில் ஒரு செடி. வலப்பக்கம் சுவர்.

"நான் மட்டும்தாம்மா."

"அப்போ தூக்க ஊசி கிடையாது. போட்டா நாள் முழுக்க அரை மயக்கமா இருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்."

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை. அதற்காக முந்தின நாள் முழுக்க மருந்துத் தண்ணீரைக் குடித்து, குடித்ததையெல்லாம் விடிய விடியத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். உடம்பில் எடையே இல்லை. காலில் செருப்பு இல்லாவிட்டால் மேலே மிதந்து போய் மின்விசிறியில் முட்டிக்கொள்வோம் என்று தோன்றியது.

ஆள் இல்லாமல் இல்லை. வெளியூரில் மகள் இருக்கிறாள். கூப்பிட்டால் அடுத்த ரயிலில் வந்து நிற்பாள். அதுதான் ஆபத்து. மனைவி போன நாளிலிருந்து, "தனியா இருந்தது போதும்ப்பா, கடையை மூடிட்டு என்கூட வந்துடுங்க" என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எனக்கு எவன் துணையும் வேண்டாம்" என்று இவர் மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குத் துணை வேண்டுமென்று வாயைத் திறந்தால் அவள் ஜெயித்துவிடுவாள். ஊர் வீட்டுக்கெல்லாம் பூட்டு மாட்டியவர், தன் கடைக்குக் கடைசிப் பூட்டை மாட்ட வேண்டியதுதான்.

"ஊசி இல்லாமலே செஞ்சுடலாம்" என்றார் வீரமாக.

"தாராளமா. எத்தனையோ பேர் அப்படித்தான் செஞ்சுக்கறாங்க."

வீரம் அதோடு நின்றிருக்கலாம். உள்ளே அழைத்துப்போன நர்ஸிடம், "குழாய் எவ்வளவு நீளம்மா?" என்று கேட்டுத் தொலைத்தார். நர்ஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அது போதாமல் ஓரடி தள்ளி நின்று மறுபடி விரித்தாள்.

பூட்டுக்காரர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருந்தா, வலி தெரியாம இருக்க ஒரு வாயு இருக்குங்க ஐயா. வலிக்கிறப்ப நீங்களே ஒரு இழுப்பு இழுத்துக்கலாம். சீக்கிரம் தெளிஞ்சுடும், துணைகூட வேண்டாம். இழுத்துப் பார்க்கறீங்களா?"

பார்த்தார். இரண்டே இழுப்பு. அறையின் மூலைகள் எல்லாம் வளைந்து மெத்தென்று ஆயின. சுவர்க் கடிகாரம் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தது. பதிலுக்கு இவரும் செய்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கடைலதாம்மா" என்று கெக்கெக்கென்று சிரித்தார்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

வாசலிலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தாள்: "ஐயா, எல்லாம் சுத்தமா காலியாயிடுச்சா?"

"யாருப்பா அது?"

"வாடிக்கைக்காரம்மா. ஒரு பழைய பெட்டி... காலியான்னு கேக்கறாங்க." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நீங்க சரியில்லப்பா. நான் இப்பவே கிளம்பறேன், ராத்திரிக்குள்ள வந்துடுவேன்."

போன் வைக்கப்பட்டது. சிரிப்பும் வைக்கப்பட்டது.

அவர் தள்ளாடிக்கொண்டு மேசைக்குத் திரும்பினார். "அந்த வாயு வேண்டாம்மா. அதைக் குடிச்சா வாய் நிக்க மாட்டேங்குது. ஊசியே போடுங்க. கூட ஆள்... வந்துக்கிட்டே இருக்கார்."

மேசை அம்மாள் பேனாவால் ஓரத்து நாற்காலியைக் காட்டினாள். "வர்ற வரைக்கும் அங்க உக்காருங்க."

அடுத்த நாற்காலியில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் அமர்ந்து, இருக்கையின் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டியே இல்ல" என்றார், பழகிய மனிதரிடம் பேசுவதுபோல. "எனக்கு மெத்தைக் கடை. என் மெத்தைல ஊரே தூங்குது, என்னைத் தவிர. இந்த ஊசி போட்டா அப்படி ஒரு தூக்கம் வருமாமே? அதுக்காகவே வந்தேன். கடைசில துணை இல்லன்னா தர மாட்டாங்களாம்."

"உங்களுக்கும் ஆள் இல்லையா?"

"கல்யாணம் பண்ணிக்கல. கூடப் பிறந்தவங்களும் இல்ல. கடைப் பையனைக் கூப்பிட்டா நாளைக்கு என் வயித்துச் சமாச்சாரம் கல்லாப்பெட்டி வரைக்கும் வரும்."

இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் வயிற்றில் யோசனைகள் சத்தமே போடாமல் வருகின்றன.

"நீங்க தூங்கறப்ப நான் முழிச்சிருக்கேன்" என்றார் பூட்டுக்காரர் மெதுவாக.

"நீங்க தூங்கறப்ப நான்" என்றார் மெத்தைக்காரர்.

மேசைக்கு இருவருமாகப் போய் நின்றார்கள்.

"இவர்தான் என் துணை."

"இவர்தான் எனக்கும்."

மேசை அம்மாள் முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி" என்றார் பூட்டுக்காரர்.

"மச்சான்" என்றார் மெத்தைக்காரர், அதே நொடியில்.

"தம்பி மாதிரி மச்சான்" என்று பூட்டுக்காரர் அவசரமாக ஒட்டுப்போட்டார்.

"யார் தங்கச்சியை யார் கட்டினது?"

"என் தங்கச்சியை இவர்!" இரண்டு விரல்கள் ஒன்றையொன்று சுட்டின.

மேசை அம்மாளின் பார்வை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போய் வந்தது.

"ஓஹோ" என்றாள் அவள். "பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கீங்க."

"அதேதாம்மா!" மெத்தைக்காரருக்கு வேர்த்துவிட்டது.

"மச்சானுங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல குடல் கோளாறா?"

"ஒரே சமையல்மா" என்றார் பூட்டுக்காரர். இல்லாத இரண்டு தங்கச்சிகளின் கைப்பக்குவமும் அப்படிக் கெட்டுப்போனது.

"சரி. முதல்ல ஒருத்தர். அவர் கண் முழிச்சு எழுந்து உக்கார்ந்த அப்புறம்தான் அடுத்தவர். ஏமாத்தக் கூடாது."

அவள் குனிந்துகொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாளோ என்னவோ, இவர்கள் கவனிக்கவில்லை.

மெத்தைக்காரர் முதலில் போனார். பூட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்றார். உட்கார முடியவில்லை. பழக்கதோஷத்தில் அந்தக் கதவின் பூட்டைப் பார்த்தார், நல்ல பூட்டு. மறுபடி பார்த்தார். கதவு திறந்ததும் இரண்டடி முன்னால் போனார்.

"உங்க மச்சானுக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள் நர்ஸ். "எல்லாம் நல்லா இருக்கு."

பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையில் பார்த்த மனிதருக்காக ஏன் இப்படி என்று அவருக்கே விளங்கவில்லை. "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கெட்டி உடம்பு" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மெத்தைக்காரர் எழுந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி முகம் மலர்ந்து, "மச்சான், நான் தூங்கினேன்" என்றார்.

பிறகு பூட்டுக்காரரின் முறை. கையில் ஊசி சில்லென்று இறங்கியது. எதிரே திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம் தெரிந்தது. அது ஒரு பெரிய பூட்டின் உள்பக்கம் என்று அவருக்குத் தெரிந்துபோனது. அதற்குள் நடந்தார். கதவுக்குப் பின் கதவு. எதிலும் பூட்டே இல்லை. தொட்டால் திறந்தது. ஒரு கதவுக்குப் பின்னால் மனைவி கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா? கூட யாரு?" என்றாள் திரும்பாமலே. "மச்சான்" என்றார் இவர். "எனக்கேது அண்ணன்?" என்று அவள் சிரித்த சிரிப்பு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண் விழித்தார். பக்கத்து நாற்காலியில் மெத்தைக்காரர் இவர் கையைப் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். துணையைப் பேஷன்ட்தான் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சொன்னார். எல்லாம் சொன்னார்." மெத்தைக்காரர் கண்ணை மூடி யோசித்தார். "என்ன சொன்னார்னு மறந்துட்டேன். ஆனா கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது, அது நல்லா ஞாபகம் இருக்கு."

நர்ஸிடம் கேட்டார்கள். சின்னதாக ஒரு சதைமொட்டு இருந்ததாம், கிள்ளி எடுத்துவிட்டார்களாம், பயப்பட ஒன்றுமில்லையாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், அதைத் தாங்களே செய்ததுபோல.

வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் ஏறினார்கள்.

"எங்க போகணும்?" என்றார் டிரைவர்.

"இவரை வீட்ல விடணும்" என்றார்கள் இருவரும்.

டிரைவர் சற்றும் அசராமல் வண்டியை எடுத்தார். தெருக்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நகர்ந்தன. மரங்கள் மெதுவாகத் தலையாட்டின. போக்குவரத்து விளக்குகூட யாருக்கும் அவசரமில்லை என்பதுபோலச் சாவகாசமாக நிறம் மாறியது.

"ராத்திரி என் மக வந்துடுவா" என்றார் பூட்டுக்காரர். "நான் தனியா இல்லன்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன்."

"என்னைக் காட்டுங்க. ஆனா மச்சான்னு சொல்லிடாதீங்க. அவ அம்மாவுக்கு அண்ணன் உண்டா இல்லையான்னு அவளுக்குத் தெரியாதா?"

"பின்ன என்னன்னு சொல்றது?"

"துணைன்னு சொல்லுங்க. எப்படியும் நாளைக்கு உங்களுக்கு ஒரு நல்ல மெத்தை கொண்டுவந்து போடப்போறேன். உங்க வீட்டுக் கட்டில் எப்படியிருக்கோ என்னவோ."

பூட்டுக்காரர் பெருமையோடு சாய்ந்துகொண்டார். "மேசைல இருந்த அம்மா சரியான கண்டிப்பு. இருந்தாலும் நம்மகிட்ட ஏமாந்துட்டாங்க பாருங்க."

"பாவம்" என்றார் மெத்தைக்காரர்.

அப்போது டிரைவரின் போன் ஒலித்தது. வண்டி நிறையக் கேட்டது, காலையில் கேட்ட அதே கண்டிப்பான குரல்: "என்னங்க, ரெண்டு பேரும் ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்கம்மா, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன், போன வாரம் ரெட்டைப் பிள்ளைங்கன்னு புளுகி நீ அனுப்பின ரெண்டு பேருக்கு இந்த மச்சானுங்க எவ்வளவோ தேவலாம், நாளைக்குத் தனியா வர்ற ரெண்டு பேரையும் மறக்காம பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுடு!"