வெரோனிக்கா வாளிக்காக நடந்த பெரும்போர்

வாழ்க அராபா! கானாவின் கடலூராம் தக்கோராடியின் உப்புக்காற்றில் அடங்காது அலையும் கார்முகிற்கூந்தல்களை எல்லாம் சடைசடையாய்ப் பின்னி அடக்கிய விரல்வீரியே, சீப்பை வேலாகவும் சிகையுலர்த்தியைச் சங்காகவும் ஏந்திய சிகையரசியே, நீ வாழ்க! உன் போரைப் பாடத் துணிந்தேன். தடுமாறாது காக்க, தண்ணீர்த் தெய்வங்களே!

அது பெருந்தொற்றுக் காலம். சாவென்றால் சடைபின்னிப் புத்தாடை உடுத்திக் கூடும் அவ்வூரில், சாவுக்குக் கூட்டம் கூடாதென்று அரசாணை பிறந்த நாள்முதல், அராபாவிடம் சடை பின்ன வருவாரும் இல்லை. பக்கத்துக் கடைத் தையற்பெருந்தகை பென்ட்சிலிடம் கறுப்பும் சிவப்புமாய்த் துக்க உடை தைக்க வருவாரும் இல்லை. ஊரில் மனிதர்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அதற்காக ஒருவரும் அலங்கரித்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைக்குள் வாடகை வராவிட்டால் அராபாவின் கடைக்குப் பூட்டு என்று கட்டிடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவ்வேளையில்தான், இடியேறு கார்மேகம்போல் முழங்கி வந்தது நகராட்சியின் ஒலிபெருக்கி வண்டி.

"சின்னக் கடைக்காரங்க கவனத்துக்கு! நிவாரண உதவிக்கு அதிகாரி இன்னைக்கே வர்றார்! வாசல்ல தண்ணியோட வெரோனிக்கா வாளி இருந்தாத்தான் ஸ்டிக்கர்! ஸ்டிக்கர் இருந்தாத்தான் உதவி! ஒரு கடைக்கு ஒரு வாளி!"

அந்தோ! கைகழுவும் குழாய் பொருத்திய அந்த நீலவாளி, இரு கடைக்கும் நடுவே ஒரு முக்காலியின்மேல், இருவரும் பாதிப்பாதி போட்டு வாங்கிய ஒரே வாளியாக அல்லவோ வீற்றிருந்தது! இரு புலிகள் ஒரு மானைக் கண்டாற்போல் இருவரும் ஒருசேரப் பாய்ந்தனர்.

"பாதி என்னுது, விடு அராபா!"

"உங்க பாதி மேல்பாதி மாஸ்டர். குழாய் இருக்கிற கீழ்ப்பாதி என்னுது."

"அப்ப என் பாதியைத் தொடாம தண்ணி ஊத்து, பாப்போம்!"

எதிர்வாசலில் கென்கி என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்ற அபா, கரண்டியை உயர்த்தி அறம் உரைத்தாள்: "சண்டை போடுங்க, வேணாங்கல. ஆனா தள்ளி நின்னு போடுங்க, தொற்று பரவுது!"

யார் கேட்டார்? கடலோடு கரை மல்லுக்கு நின்றாற்போல் அவள் கைப்பிடியைப் பற்றி இழுக்க, அவர் குழாயைப் பற்றி இழுக்க, முக்காலி கவிழ, முகக்கவசங்கள் தாடைக்கு இறங்க, சவர்க்காரம் சாக்கடை புக, 'டக்' என்றோர் ஓசை எழுந்தது. குழாய் பென்ட்சிலின் கையில். வாளி அராபாவின் மடியில். பீறிட்ட வெள்ளத்தை வலக்கைப் பெருவிரலால் அடைத்தபடியே, வென்ற கோட்டையை இழுத்துச் சென்று தன் வாசற்படியில் நிறுத்தி, அருகே குந்தினாள் வெற்றித்திருமகள்.

வந்தார் அதிகாரி அமிஸ்ஸா. பார்த்தார். வாளி இருந்தது. தண்ணீர் இருந்தது. பச்சை ஸ்டிக்கரை உரித்து நீட்டினார்.

"இந்தாம்மா."

விண்ணோர் மூச்சடக்கினர். விரலை எடுத்தால் வெள்ளம் போகும். இடக்கையை நீட்டினாலோ மானம் போகும். பெரியவர் தருவதை இடக்கையால் வாங்க எந்தத் தாய் எந்தப் பிள்ளையை வளர்த்தாள்? அராபாவின் இடக்கை முழங்கால்வரை எழுந்தது, தாழ்ந்தது. பெருவிரலைப் பிடுங்கி, வலக்கையால், தலை தாழ்த்தி வாங்கினாள்.

மடை திறந்தது. அதிகாரியின் தோல்காலணிகள் இரண்டும் ஓடங்களாயின.

வாளி வற்றும்வரை காத்திருந்து அவர் சொன்னார்: "மரியாதை தெரிஞ்ச பொண்ணு. ஆனா தண்ணி இல்லாத வாளிக்கு ஸ்டிக்கர் கிடையாதும்மா."

அவள் அதை வலக்கையாலேயே திருப்பித் தந்தாள்.

"அப்ப எனக்கு ஐயா?" என்று முன்வந்தார் பென்ட்சில்.

"உங்க வாளி எங்க?"

தையற்பெருந்தகை, தம் வலக்கையை விரித்து, குழாயைக் காட்டினார்.

சனிக்கிழமை அராபாவின் கடையைப் பூட்டிவிட்டார்கள். இப்போது அவள் பென்ட்சில் கடையின் ஒரு மூலையில் நாற்காலி போட்டுச் சடை பின்னுகிறாள்.