நீச்சல் குளத்துக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுப் போன கதை

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. தஞ்சாவூர் போயி, ஒரு ஓட்டல் நீச்சல் குளத்துல மூழ்கிக் காட்டிட்டு வரணும்.

அவ்வளவுதான். கறிகாய் வாங்கிட்டு வர்ற மாதிரி வேலை.

எதுக்கு மூழ்கணும்னு கேப்பீங்க. சொல்றேன்.

எங்க பொண்ணு கவிதாவும் மாப்பிள்ளையும் தஞ்சாவூர்ல இருக்காங்க. லீவுக்கு அந்தமான் போறாங்களாம். அங்க முதுகுல காத்து சிலிண்டரைக் கட்டிக்கிட்டு, கடலுக்குள்ள இறங்கி, மீன் பாக்கணுமாம். ஸ்கூபா டைவிங்!

மீன் பாக்கணும்னா காலையில மார்க்கெட்டுக்குப் போனா ஆச்சு. எல்லாம் வரிசையா படுத்துக்கிட்டு நம்மளையே பாக்கும். இதுக்கு ஒரு விமானமா?

மாப்பிள்ளை காலேஜ்ல பாடம் எடுக்கறவர். அதனால வீட்டுலயும் எடுப்பார். தரங்கம்பாடி பீச்சுக்கு ஒரு சாயங்காலம் போயிட்டு வந்ததுக்கே, எங்க உக்காந்து சுண்டல் தின்னணும்னு அட்டவணை போட்டவர். அந்தமான்னா விடுவாரா? எங்க வீட்டு ஹால்ல டிவியில லேப்டாப்பை மாட்டி, எங்களை வரிசையா உக்கார வச்சு, படம் படமா ஓட்டினார். பவளப்பாறை, ஆமை, கடல் குதிரை. எங்க வீட்டுக்காரர் ஆமை வர்றதுக்குள்ள தூங்கிட்டார்.

கடைசிப் படத்துல ஒரு பக்கம் என் போட்டோ. இன்னொரு பக்கம் அவங்க நாய் ப்ரூனோ போட்டோ. நடுவுல ஒரு அம்புக்குறி.

"இது என்ன மாப்ள?"ன்னேன்.

"நாங்க வர்ற வரைக்கும் ப்ரூனோவை நீங்கதான் பாத்துக்கணும் அத்தை."

ப்ரூனோவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஏசி இல்லாம தூங்காது. கோழியை வேக வச்சு, எலும்பை எடுத்து, ஆற வச்சு, தட்டுல போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். எங்க சம்பந்தியம்மா விருந்துக்கு வந்தா எப்படியோ, அப்படியே! நாய்க்கு வளர்ப்பு அங்கேந்துதானே.

"ஏன் மாப்ள, நான் வரலியா?"

"கடலுக்கு அடியில அத்தை! உங்க வயசுக்கு அதெல்லாம்..."

எனக்கு வந்துச்சே கோவம்!

நான் பாபநாசத்துல பொறந்து பாபநாசத்துலயே வாக்கப்பட்டவ. குடமுருட்டியில தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடும்போது, பாலத்துமேலேந்து குதிச்சவ. ஒரு கரையில முங்கினா அடுத்த கரையிலதான் தலையைத் தூக்குவேன். ஒரு தடவை நான் முங்கினது எழுந்திரிக்கக் காணோம்னு எங்க பெரியம்மா படித்துறையில உக்காந்து மாரடிச்சு அழவே ஆரம்பிச்சுட்டா. நான் பின்னால வந்து நின்னு, "யாரு பெரியம்மா செத்துட்டா?"ன்னு கேட்டு, ஈரத்துணியாலயே அடி வாங்கினேன். அப்போ இதுக்குப் பேரு முங்கு நீச்சல். இப்போ ஸ்கூபா. சிலிண்டர் வேற!

இதையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட நிறுத்தாம சொன்னேன். அவர் லேப்டாப்பை மூடிட்டார்.

கவிதாதான் பஞ்சாயத்து பண்ணினா. "பாண்டிச்சேரிலேந்து ஒரு மாஸ்டர் தஞ்சாவூருக்கு வந்து, ஓட்டல் குளத்துல எங்களுக்குப் பழக்கிவிடப் போறார். நீயும் வாம்மா. அவர் சரின்னா உனக்கும் டிக்கெட். வேண்டாம்னா நீ ப்ரூனோவோட இருக்கணும். அதுக்கு மேல பேசக் கூடாது."

"சரிடி"ன்னேன். டாக்டர்கிட்ட போயி ரத்தக் கொதிப்பு, காது, நெஞ்சு எல்லாம் காட்டினேன். அவர் எல்லாத்தையும் பாத்துட்டு, "உங்க நுரையீரலுக்கு ஒண்ணும் குறையில்ல. வந்ததுலேந்து நீங்க பேச்சை நிறுத்தவே இல்லியே!"ன்னார். பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

நேத்து வெள்ளிக்கிழமை. இங்கதான் விஷயமே.

வெள்ளிக்கிழமை நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்காம இருந்தது கிடையாது. எப்படிக் குளிப்போம்? வீட்டுலயே தலை நிறைய நல்லெண்ணெய் வச்சு, உடம்புக்கும் தடவி, முகத்துக்கு மஞ்சளை இழைச்சுப் பூசிக்கிட்டு, சீயக்காய்ப் பொடியோட ஆத்துக்குப் போவோம். ஊறினப்புறம் ஆத்துல தேய்ச்சு முழுகிட்டு வருவோம். இப்போ ஆத்துல தண்ணி இருந்தா நான் இல்ல, நான் போனா தண்ணி இல்ல. அது வேற கதை.

நேத்தைக்கு எப்படியும் தண்ணிக்குள்ள போகப் போறோம். வீட்டுல ஒரு தரம், அங்க ஒரு தரம்னு ரெண்டு குளி எதுக்கு? மோட்டார் வேற ஓடணும். அதனால எண்ணெயை வச்சேன். காதுல ரெண்டு சொட்டு விட்டேன். மஞ்சளைப் பூசினேன். சீயக்காயை ஒரு டிபன் டப்பாவுல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன்.

புத்திசாலின்னு நினைப்பு!

மாப்பிள்ளை கார்ல வந்தார். புது சீட் உறை, பால் வெள்ளை. நான் ஏறி, "அப்பாடா"ன்னு தலையைச் சாய்ச்சேன். தஞ்சாவூர்ல இறங்கினப்போ, என் தலை எங்க இருந்துச்சுன்னு அந்த உறையே சொல்லுச்சு.

"அத்தை... இது என்ன அத்தை?"

"நல்லெண்ணெய் மாப்ள. உடம்புக்குக் குளிர்ச்சி."

அவர் சீட்டைப் பாத்தார். என்னைப் பாத்தார். கைக்குட்டையை எடுத்து சீட்டைத் துடைக்க ஆரம்பிச்சார். மரியாதை தெரிஞ்சவர்தான், அதைச் சொல்லணும்.

ஓட்டல் குளம் நீலமா, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வாசல்ல தொப்பி போட்ட ஒருத்தர், "குளிச்சிட்டுதான் குளத்துல இறங்கணும்மா"ன்னார்.

"குளிக்கத்தானேய்யா வந்திருக்கேன்?"ன்னு டப்பாவைத் திறந்து காட்டினேன்.

அந்த மனுஷன் சீயக்காயைப் பாத்தார், என் மூஞ்சியைப் பாத்தார், குளத்தைப் பாத்தார். "அம்மா, அதை மட்டும் இதுல கரைச்சுடாதீங்கம்மா! என் வேலை போயிடும்!"

கவிதா என் கையைப் பிடிச்சு ஷவருக்கு இழுத்துக்கிட்டுப் போனா. "ஏம்மா, எங்கயாவது, யாராவது, இப்படி வருவாங்களாம்மா?" திட்டிக்கிட்டே ஷாம்பு பாக்கெட்டைக் கிழிச்சு ஊத்தினா. நான் அவளுக்குத் தெரியாம சீயக்காயையும் ரெண்டு பிடி போட்டேன். பாதி எண்ணெய் போச்சு. மீதி போவேனான்னுச்சு.

அப்புறம் ஒரு ரப்பர் உடுப்பு கொடுத்தாங்க. தலையணை உறைக்குள்ள மெத்தையைத் திணிக்கிற மாதிரி. கவிதா போட்டுக்க முக்கி முனகி மூச்சு வாங்கினா. எனக்குப் பாருங்க, எண்ணெயில வழுக்கிக்கிட்டு வழவழன்னு போயிடுச்சு. கண்ணாடியில பாத்தேன். கத்திரிக்காய்க்குக் கை கால் மொளைச்ச மாதிரி இருந்தேன். நெத்திப் பொட்டு மட்டும் இல்லன்னா எங்க வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி போயிருப்பார்.

மாஸ்டர் நல்ல பிள்ளை. கருப்பா, ஓங்கு தாங்கா, சிரிச்ச முகம். முதல்ல நான், அப்புறம் மாப்பிள்ளை, கடைசியா கவிதான்னு சொன்னார். மாப்பிள்ளை அதுக்குள்ள உடுப்பு, சொந்தமா வாங்கின நீச்சல் கண்ணாடி, நீந்தறதுக்குக் கால்ல மாட்டற ரப்பர் வாத்துக் கால், தண்ணிக்கடியில மணி பாக்கற கடிகாரம் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு கரையில விறைப்பா நின்னார். சண்டைக்குப் போற மாதிரி.

மாஸ்டர் என் முதுகுல சிலிண்டரைக் கட்டி, இடுப்பளவு தண்ணியில நிக்க வச்சு, கண்ணாடியை மாட்டினார். அது வழுக்கி மூக்குக்கு வந்துச்சு. தூக்கி மாட்டினார். வாய்க்கு வந்துச்சு. வாரை இறுக்கினார். பின்னால கொண்டையிலேந்து நழுவி, மொத்தமா கழுத்துல மாலையா விழுந்துச்சு.

"என்னம்மா தேய்ச்சிருக்கீங்க?"

"நல்லெண்ணெய்தான்ப்பா. செக்குல ஆட்டினது."

துண்டை எடுத்து என் மூஞ்சியைத் துடை துடைன்னு துடைச்சார். துண்டு மஞ்சளாச்சு. கண்ணாடியோட ஓரத்து ரப்பரும் மஞ்சளாச்சு. தண்ணி மேல வானவில் மாதிரி எண்ணெய் படர ஆரம்பிச்சுது. தொப்பிக்காரர் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டார்.

ஒரு வழியா கண்ணாடி நின்னுச்சு. மாஸ்டர் என் வாயில ஒரு குழாயை வச்சுட்டு சொன்னார்: "அம்மா, இதுல ஒரே ஒரு சட்டம்தான். மூச்சை அடக்கவே கூடாது. வாயால இழுங்க, வாயால விடுங்க. அவ்வளவுதான்."

நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மூச்சு விடறதுக்கு எனக்கு ஒரு வாத்தியார்! அதுவும் பாண்டிச்சேரிலேந்து!

இறங்கினேன். அடியில போயி சம்மணம் போட்டு உக்காந்தேன். சுகமா இருந்துச்சு. மாஸ்டர் எதிர்ல உக்காந்து என்னையே பாத்தார். நானும் பாத்தேன். அவர் வாயைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். அவர் கையை ஆட்டினார். நான் கும்பிட்டேன்.

திடீர்னு அக்குள்ல கையைக் கொடுத்து மேல தூக்கிட்டார்!

"என்னம்மா, குமிழியே வரல! மூச்சு விடல நீங்க!"

"அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"அதைத்தானேம்மா கூடாதுன்னேன்!"

பாருங்க, தண்ணிக்குள்ள தலை போனா மூச்சைக் கட்டணும்னு எனக்கு நடக்கப் பழகினப்பவே பழகினது. என் மூளை மாஸ்டர் சொன்னதைக் கேட்டுச்சு. நெஞ்சு கேக்கல. மறுபடி இறங்கினேன். மறுபடி அடக்கினேன். மறுபடி தூக்கினார். குடமுருட்டியில பேர் வாங்கின வித்தை, இங்க வாளித் தண்ணியில மானத்தை வாங்குது!

கரையிலேந்து மாப்பிள்ளை ரொம்பப் பதவிசா, "கஷ்டப்படாதீங்க அத்தை. ப்ரூனோவுக்கு உங்களைப் பிடிக்கும்"ன்னார்.

அந்தக் குரல்ல இருந்த சந்தோஷம் இருக்கே!

மாஸ்டர் மோவாயைத் தேய்ச்சுக்கிட்டே யோசிச்சார். "அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கலாம். இல்லன்னா வேண்டாம், நான் பொறுப்பேத்துக்க முடியாது"ன்னார்.

கவிதாதான் கரையிலேந்து கத்தினா. "மாஸ்டர்! அவங்களை உள்ள போயி ஏதாவது பேசச் சொல்லுங்க! பேசும்போது எப்படி மூச்சை அடக்க முடியும்?"

பெத்த பொண்ணு வாயிலேந்து வர்ற வார்த்தையா இது? ஆனா மாஸ்டருக்குக் கண்ணு விரிஞ்சுது. "குழாயை விடாம பேசுங்கம்மா. எது வேணா பேசுங்க."

எது வேணான்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

இறங்கினேன். ஆரம்பிச்சேன். கவிதா கல்யாணத்தன்னிக்குப் பந்தியில பாயசம் தண்ணியா இருந்துச்சுன்னு சம்பந்தியம்மா இலையை மடிச்சுட்டு எழுந்ததுலேந்து எடுத்தேன். குமிழி வந்துச்சு பாருங்க! சோத்துப் பானை கொதிக்கிற மாதிரி குபுகுபுன்னு! அந்தம்மா நாங்க எடுத்த பட்டுப் புடவைக்குக் கரை சரியில்லன்னது, போறப்போ முறுக்குச் சட்டியை மட்டும் மறக்காம தூக்கிக்கிட்டுப் போனது, ஒண்ணு விடல. மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே என்னைக் குளம் முழுக்க இழுத்துக்கிட்டுப் போனார். நான் நீந்திக்கிட்டே பேசினேன். பேசிக்கிட்டே நீந்தினேன். சம்பந்தியம்மா மறுவீட்டுக்கு வர்ற கட்டத்துல சிலிண்டர் தீந்துடுச்சு.

மேல வந்தோம். மாஸ்டர் குழாயைத் துப்பிட்டு, "உள்ள என்னம்மா சொன்னீங்க? ஒரு வார்த்தை புரியல"ன்னார்.

பாவம், அவ்வளவு நேரம் கேட்ட பிள்ளை. மறுபடி பாயசத்துலேந்து முழுசா சொன்னேன். முறுக்குச் சட்டிக்கு வந்தப்போதான், மேல ஒரு ஜோடி வாத்துக் கால் தெரிஞ்சுது. நிமிர்ந்து பாத்தேன்.

மாப்பிள்ளை.

"அது எங்கம்மாவோட சட்டி அத்தை"ன்னார்.

நான் தண்ணிக்குள்ள போயிட்டேன். மூச்சை அடக்கிக்கிட்டுதான்.

கொஞ்ச நேரம் கழிச்சு மாஸ்டர் தீர்ப்பு சொன்னார். "அம்மா ரெடி. கூட ஒரு ஆள் இருந்தா தாராளமா கூட்டிட்டுப் போகலாம். சார், நீங்க வாங்க."

மாப்பிள்ளை இறங்க ஒரு காலை எடுத்து வச்சார். தொப்பிக்காரர் குறுக்க கயித்தைக் கட்டிட்டார்.

"சார், குளம் மூடியாச்சு. எண்ணெயை வழிச்சு எடுத்து, தண்ணியை மாத்தணும்."

"நான் இன்னும் நனையவே இல்லியே!"

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? அம்மாவைக் கேளுங்க."

யாரும் என்னைக் கேக்கல. திரும்பி வர்றப்போ கார் சீட்டுல பழைய பேப்பரை விரிச்சு என்னை உக்கார வச்சிருந்தாங்க. ஆனா வீட்டு வாசல்ல இறங்கறதுக்குள்ள கவிதா எனக்கு டிக்கெட் போட்டுட்டா.

ராஜநடை போட்டு உள்ள போனேன். எங்க வீட்டுக்காரர் ஈசிசேர்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். எல்லாத்தையும் சொன்னேன். விடாம பேசினதாலதான் பாஸ் ஆனேங்கறதையும் மறைக்காம சொன்னேன். சந்தோஷத்துல, "நீங்களும் வாங்களேன். கடலுக்கு அடியில அவ்வளவு அமைதியா இருக்குமாம்"ன்னேன்.

அவர் பேப்பரை மடிச்சு வச்சார். கண்ணாடியைக் கழட்டினார்.

"இனிமே இருக்காது"ன்னார்.