பித்தளை அண்டாவுக்கு வந்த ஆஃபர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பணக்காரன் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய பணக்காரன் இல்லை. காலை நீட்டிச் சாய்ந்தபடி கிரிக்கெட் பார்க்க ஒரு சாய்வு சோபா வாங்குகிற அளவுக்குப் பணக்காரன். திண்டுக்கல்லில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே தருகிற சம்பளத்தில் உட்காரலாம், சாய முடியாது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. ஐம்பது பேருக்குப் பிரியாணி போடலாம். என் மாமியார் சிவனம்மாள் எங்கள் கல்யாணத்தில் சீராக வைத்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கீழே இறங்கியதில்லை. போனில் ஆளாளுக்குப் பழைய பாத்திரம் விற்கிறார்கள். நாமும் விற்போம், மனைவி மகேஸ்வரிக்கு மட்டும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். ஒருமுறை அந்தச் சீரில் ஒரு கரண்டியைத் தொலைத்துவிட்டேன். பதினொரு நாள் வெஞ்சனமே இல்லாமல் வெறும் ரசச் சோறு போட்டாள். அண்டாவுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்து வீட்டு மெஹராஜ் போனிலேயே சுடிதார் விற்கிறவள். "என் ஃப்ரெண்டு ஒருத்தரு ஒரு பாத்திரம் விக்கணுமாம்" என்று சாமர்த்தியமாக அவளிடம் யோசனை கேட்டேன். பாவம், நம்பிவிட்டாள். ஆஃபர் கேட்பார்கள், உடனே இறங்கிவிடக் கூடாது, அனுப்புகிற செலவு யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும், ரிட்டர்ன் கிடையாது என்று எழுதிவிட வேண்டும் என்றாள். மூன்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். மூன்றிலும் கோட்டை விட்டேன்.

மகேஸ்வரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அண்டாவை இறக்கினேன். அதன் வயிற்றில் கொட்டை எழுத்தில் 'மகேஸ்வரிக்கு அம்மா சிவனம்மாள்' என்று வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாவிட்டால் கொடுத்தவர்களுக்குத் தூக்கம் வராது. பெயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் படமெடுத்து, விலை ஐயாயிரம் என்று போட்டேன்.

ஆஃபர்கள் கொட்டின. ஒருவர் ஐந்நூறு தருகிறேன் என்றார். ஒருவர் மூடி மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் முழு விலைக்கும் சம்மதித்தார். அனுப்புகிற செலவு என்னுடையதாம். அதற்கென்ன என்று கூரியர் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். அண்டா பதினெட்டு கிலோதான். ஆனால் அங்கிருந்தவர் நீளம், அகலம், உயரம் கேட்டுப் பெருக்கிப் பார்த்துவிட்டு முப்பத்திரண்டு கிலோவுக்குப் பணம் கேட்டார்.

"மிச்சம் பதினாலு கிலோ எங்கருந்து வந்துச்சு? உள்ள வெறுங்காத்துதான சார் இருக்கு?"

"அந்தக் காத்தும் வண்டில எடத்த அடைக்குதுல்ல சார்" என்றார்.

காற்றுக்குக் கூலி கொடுத்து வியாபாரம் செய்ய எனக்கு வசதியில்லை. கோயம்புத்தூரை விட்டேன். அப்போதுதான் வடமதுரையிலிருந்து ஃபாரிஸ் என்று ஒருவன் போனில் வந்தான். அங்கே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். கைக்கெட்டும் தூரம். கூரியரே வேண்டாம்.

ஆனால் ஃபாரிஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. அடி கறுத்திருக்கிறதே என்று நாலாயிரத்துக்கு இறக்கினான். அரைக்கிலோ புளி போட்டுத் தேய்த்துப் படம் அனுப்பினேன். உள்ளே ஈயம் போயிருக்கிறதே என்று மூவாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினான். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் என் செலவில் ஈயம் பூசினேன். இன்னொரு பக்கத்தையும் காட்டுங்கள் என்றான். பெயர் வெட்டிய இடத்தில் என் வயிற்றை முட்டுக்கொடுத்து நின்று படமெடுத்தேன். வயிறு தெளிவாகத் தெரிகிறது, அண்டாவைத்தான் காணோம் என்று பதில் போட்டு, இரண்டாயிரத்து எண்ணூறில் வந்து நின்றான். எனக்கு விட்டால் போதும் என்றிருந்தது. சரி என்றேன். அந்த வாரம் பார்த்து மகேஸ்வரி தினமும் எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தாள். தெய்வம் என் பக்கம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அண்டாவோடு வடமதுரை பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். ஃபாரிஸ் கடையில் இறக்கியதும் அவன் தட்டிப் பார்த்தான், தடவிப் பார்த்தான். பெயரைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் போடுவானாம். பிடிக்காவிட்டால் ரிட்டர்ன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகேஸ்வரி சிரித்த முகமாக வந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம எங்கண்ணன் மகளுக்குக் காதுகுத்துல்ல. பிரியாணிய எங்கம்மா அண்டாவுலதான் போடணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. செத்த நேரம் கழிச்சுப் பரண்ல இருந்து எறக்கித் தாங்க."

கடைச் சாவியை மறந்துவிட்டேன் என்று ஏதோ சொல்லித் தெருவுக்கு ஓடினேன். ஃபாரிஸுக்குப் போன் போட்டு, அண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிடு அப்பு என்று கெஞ்சினேன்.

"என்னண்ணே, ரிட்டர்ன் வாங்குனவனுக்குத்தான? வித்தவரு ரிட்டர்ன் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லயே."

"ஏலே, நான் உசுரோட இருக்கணும்லே. விஷயம் தெரிஞ்சா என் பொண்டாட்டி என்னையச் சும்மா விடமாட்டா."

போனால் போகிறது, தருகிறேன் என்றான். காதுகுத்து எங்கே என்று கேட்டான். வடமதுரை மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். அதுவும் அவன் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். ஞாயிறு விடிந்ததும் தானே கொண்டுபோய்ச் சமையல்கட்டில் இறக்கிவிடுவானாம். எனக்கு அவன் காலில் விழலாம் போலிருந்தது. அந்தத் தெருவில் வந்து போன எல்லோரையும் எனக்குப் பிடித்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரே போடாகப் போட்டேன். அண்டாவைக் காதுகுத்துக்கென்றே முன்னாலேயே இறக்கி, ஈயம் பூசி, மண்டபத்துக்கு அனுப்ப ஏற்பாடும் செய்தாகிவிட்டது, உனக்குச் சொல்லாமல் செய்து அசத்தலாம் என்றிருந்தேன் என்று அளந்துவிட்டேன். மகேஸ்வரி கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்டாள். அன்று சாப்பாட்டில் ஆம்லெட் இரண்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அண்டா தகதகவென்று நின்றது, மாமியார் பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. பிரியாணி பிரமாதம். தப்பித்தோம் என்ற நிம்மதியிலேயே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். எதிர்ப் பந்தியில் மெஹராஜ் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஃபாரிஸ். மகேஸ்வரி நேரே அவனிடம் போய் நின்றாள்.

"தம்பி, ஈயம் நல்லாப் புடிச்சிருக்குல்ல?"

"நீங்க சொல்லச் சொன்னதத்தான சொன்னேன், அக்கா. அண்ணன் அம்புட்டையும் செஞ்சுட்டாரு."

வாய்க்குக் கொண்டுபோன கறித்துண்டை இலையிலேயே வைத்துவிட்டேன். ஃபாரிஸ், மெஹராஜின் கூடப் பிறந்த தம்பியாம். நான் படம் போட்ட அன்றே மெஹராஜ் அதை மகேஸ்வரியிடம் காட்டியிருக்கிறாள். அடி கறுப்பு, ஈயம், இன்னொரு பக்கம் எல்லாம் என் வீட்டுச் சமையலறையில் தயாராகி, வடமதுரை போய், என் போனுக்கு வந்தவை.

மகேஸ்வரி என் இலைக்கு வந்து தயிர்ப் பச்சடி வைத்தாள். திட்டுவாள் என்று குனிந்துகொண்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல மகேசு? நானே செஞ்சிருப்பேன்ல."

"சொல்லியிருந்தா ஒங்களுக்கு இடுப்பு புடிச்சிருக்கும். இப்பப் பாருங்க, தேச்சு, பூசி, பஸ்ல தூக்கிட்டு வந்து எறக்கியிருக்கீங்க."

"சரி, அதுக்கு எதுக்கு வெலய அம்புட்டுக் கொறச்சுப் பேசுன?"

"எங்கம்மா குடுத்ததுக்கு நீங்க எம்புட்டு வரைக்கும் எறங்குவீங்கன்னு பாக்கணும்ல. ரெண்டாயிரத்து எண்ணூறு." பச்சடி வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தவள், நின்று திரும்பினாள். "ஒங்களயும் படம் புடிச்சுப் போடலாமான்னு மெஹராஜ்கிட்ட கேட்டேன். கூரியர் செலவுக்கே கட்டுப்படியாகாதுன்னுட்டா."