ஒரு சாண் சங்கிலி

இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே அறை கழிவறைதான். மற்றவையெல்லாம் மனைவியின் ஆட்சிக்கு உட்பட்டவை. காலையில் அரை மணி நேரம், கையில் செய்தித்தாள், கதவில் தாழ்ப்பாள். அதுகூடப் பொறுக்கவில்லை உலகத்துக்கு!

"என் தம்பி நாளன்னைக்கு வர்றான். பத்து நாள் இருப்பான்" என்றாள் மனைவி.

மைத்துனன் உள்ளே போனால் ஒரு மணி நேரம். பாட்டு வேறு. போன தடவை அவன் இருந்தவரை கதவுக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். என் வீட்டில்! நான்! இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் தூக்கினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கைப்பிடியை அழுத்தினால் ஒரு சாண் சங்கிலி அடியிலுள்ள ரப்பர் அடைப்பைத் தூக்கும். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கும். மிதவை தாழ்ந்து புதுத் தண்ணீரைத் திறந்துவிடும்; நிரம்பியதும் அதுவே மேலே வந்து நிறுத்திவிடும். நான் சங்கிலியைக் கழற்றி உள்ளேயே போட்டேன். அழுத்திப் பார்த்தேன். 'லொடக்' என்றது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

"டேங்க் போச்சு. சாமான் வர ரெண்டு வாரம் ஆகுமாம். தம்பிய வர வேண்டாம்னு சொல்லிடு."

"அப்படியா?" உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆமாங்க, போச்சுதான். ஆனா ஒரு வாளித் தண்ணிய வேகமா ஊத்தினா தானா இழுத்துக்குமே?"

"வாளி நிரம்பற மாதிரி தண்ணி வர்றது வெளிக்குழாய்லதான். யாரு தூக்குறது?"

"எனக்கு இடுப்பு வலி. அவன் விருந்தாளி."

மீதி யார் என்று அவள் சொல்லவில்லை.

மைத்துனன் வந்தான். பாட்டும் வந்தது.

"மச்சான், ஒரு வாளி!"

"வச்சிருக்கேன்!"

"மச்சான், பத்தல!"

அக்கிரமம் இல்லையா இது? மூன்றாம் நாள் என் தோள்பட்டை கழன்றேவிட்டது. பேசாமல் சங்கிலியை மாட்டிவிட்டு, 'நானே ரிப்பேர் பண்ணிட்டேன்' என்று பீற்றிக்கொள்ளலாம். நைசாக மூடியைத் தூக்கி, கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன்.

சங்கிலியைக் காணோம்.

"என்னங்க தேடுறீங்க?"

கதவருகே மனைவி. அவள் இடுப்பில் சாவிக்கொத்து. அதில் அந்த ஒரு சாண் சங்கிலி.

"முதல் நாளே எடுத்துப் பத்திரமா வச்சிட்டேன். தம்பி ஊருக்குக் கிளம்பினதும் தர்றேன். இப்ப அவன் உள்ள போகணுமாம், ரெண்டு வாளியாக் கொண்டாங்க."