சாமந்திக்கு ஒரு ஏசி

இந்தச் சித்திரையில் மதியத் தூக்கம் என்றால் அது ஏசியில்தான் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம். அதை மனைவியிடம் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

என் மனைவி சத்யபாமாவுக்குத் தாமுவே சந்தையில் பூக்கடை. நான் பர்மிய ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். அன்றிலிருந்து ஓய்வு ஒன்றைத்தான் விடாமல் பார்த்து வருகிறேன். மலையூரான மேம்யோவிலிருந்து பஸ்ஸில் வரும் பூக்கட்டுகள் முதலில் எங்கள் ஹாலில்தான் இறங்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஜெயம்மா ஒரு சாமந்திக் கட்டோடு வந்து நின்றார்.

"பாமா, புத்தருக்கு வச்ச பூ. பாரு, ஊருது!"

பாமா கட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வெள்ளைத் தாளில் தட்டினாள். கடுகு சிதறியது. கடுகுக்குக் கால் முளைத்து ஓடியது.

"அசுவினி" என்றாள்.

"நல்ல நட்சத்திரமாச்சே!" என்றேன்.

"இது பூச்சிங்க. சாறு உறிஞ்சும். கூடவே இலைப்பேன் வேற."

எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. போனில் நாலு பக்கம் படித்துவிட்டு வந்தேன்.

"பாமா, பறிச்ச பூவைக் குளிர்ல வச்சா பூச்சி பெருகாதாம். ஒரு ஏசி போடுவோம்."

"வீட்லதான் ஃபேன் ஓடுதே, போதாதா?"

"பூவுல பேன் ஓடுதே, அதுக்கென்ன சொல்றே?"

சிரித்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எந்த ரூம்ல போடறது?"

"படுக்கை ரூம்தான் சின்னது. சீக்கிரம் குளிரும்" என்றேன், முகத்தில் துளி ஆசையும் தெரியாமல்.

"சரி. அப்புறம் நான் சொல்றபடி நடப்பீங்களா?"

"பூவுக்காக என்ன வேணாலும் செய்வேன்!"

"ஜெயம்மாக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டேன்!" என்றது பக்கத்து ஜன்னல்.

நாலாம் நாள் ஏசி மாட்டியாயிற்று. மதியம் தெருவே "மீ லா பீ!" என்று கத்தியது. காலையில் போன கரண்ட் வந்துவிட்டது! தலையணையோடு ஓடினேன். கட்டில் நிறையச் சாமந்தி. நடுவில் பாமா, கம்பளி போர்த்திக்கொண்டு.

"எனக்கு இடம்?"

"குளிர்ல பூச்சி சாகாதுங்க. மந்தமாத்தான் ஆகும். ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பாக்கணும். பூச்சி விழுந்தா அந்தக் கட்டைத் தனியா ஒதுக்கி சோப்புத் தண்ணில முக்கணும்."

"நான் தட்டறேனே!"

தாளை நீட்டினாள். "இதுல எத்தனை?"

"ஒண்ணுமே இல்லையே."

"பதினாலு. இந்தக் கண்ணு இந்த வேலைக்கு ஆகாது. நீங்க கடைக்குப் போங்க."

"இந்த வெயில்லயா?"

"பூவுக்காக என்ன வேணாலும் செய்வேன்னீங்களே."

சாட்சிக்கு ஜெயம்மா ஜன்னலிலேயே நின்றிருந்தார்.

இப்போது தினமும் மதியம் தகரக் கூரைக்குக் கீழே நான்தான். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் எனக்கும் தெளித்துக்கொள்கிறேன். பூச்சி இல்லாத பூ என்று பேர் வேறு வந்துவிட்டது. வியாபாரம் சக்கைப்போடு போடுகிறது. உட்காரவே நேரமில்லை.

நேற்று, ஏசி மாட்டிக் கொடுத்த அப்துல் பாரி ரோஜா வாங்க வந்தார். நமக்கும் ஒரு பெருமை வேண்டாமா?

"எப்படியோ பேசி அவளைச் சம்மதிக்க வச்சேன் பாய்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அக்கா போன மாசமே என்னை வரச்சொல்லி சுவரை அளக்க வச்சாங்க. நீங்களா வாய் திறந்து கேக்கற வரைக்கும் மாட்ட வேண்டாம்னுட்டாங்க."